புல்லுக்கு வைத்த மருந்து

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், யானைமலை அடிவாரத்தில் இருக்கிறது ஒத்தக்கடை. பெயர்தான் ஒத்தக்கடை. இன்று அங்கே கடைகளுக்குக் குறைவே இல்லை. உரக்கடைகளும் இருக்கின்றன.

நல்ல மழை ஒன்று பெய்து, நாலு நாள் வெயில் அடித்துவிட்டால் போதும். அந்தக் கடைகளில் கூட்டம் கூடும். என்ன பேச்சு நடக்கிறது என்று சற்றே கேளுங்கள்:

"அண்ணே, புல்லு மருந்து ஒரு லிட்டரு குடுங்க."

"வரப்புக்கா, வயலுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்க. சாகலேன்னா இன்னொரு மூடி."

அவ்வளவுதான். பணம் கை மாறுகிறது. புட்டி பைக்குள் போகிறது. அரை நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிட்டது!

தலைவலி மாத்திரை வாங்கப் போனால்கூட மருந்துக்கடைக்காரர், "யாருக்கு? வயது என்ன?" என்று கேட்கிறார். ஒரு காணி நிலத்தில் உள்ள பச்சையை எல்லாம் பத்து நாளில் கருக்கிவிடும் சரக்குக்கு இரண்டு கேள்விகூட இல்லை. கையுறை உண்டா என்று கேட்பார் இல்லை. பக்கத்தில் கிணறு உண்டா என்று கேட்பார் இல்லை.

இந்த அரை நிமிட வியாபாரத்தைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம்.

விவசாயி மேல் குற்றமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புல் மருந்து வாங்கும் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமது நோக்கம் அல்ல.

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்றார்கள் பெரியவர்கள். களையை விட்டால் முக்கால் பங்கு விளைச்சல் போய்விடும் என்பது இதன் பொருள். கோரையையும் அருகையும் ஒழிக்க முயன்று பார்த்தவர்களுக்கே அந்தக் கஷ்டம் தெரியும். மேலே அறுத்தால் கீழே கிழங்கு இருக்கும். இன்று கொத்தினால் அடுத்த வாரம் தலை காட்டும்.

முன்பு களை எடுக்கப் பெண்கள் வரிசையாக வயலில் இறங்குவார்கள். இப்போது ஆள் கிடைப்பது அரிது. இளைஞர்கள் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் போய்விட்டார்கள். இருக்கிற நாலு பேரையும் ஒரே வாரத்தில் ஊரே கூப்பிடுகிறது. கூலியைக் கொடுத்தாலும் ஆள் வருவதற்குள் களை பயிரை முந்திவிடுகிறது.

இப்படி இடுப்பொடிந்து நிற்கும் விவசாயியிடம், "இந்தப் புட்டியை வாங்கு, ஒரே ஆள், ஒரே காலைப் பொழுது, வேலை முடிந்தது" என்று சொன்னால் அவன் வாங்காமல் என்ன செய்வான்? வாங்கத்தான் செய்வான். ஆகவே, "மருந்தை விடு" என்று புத்தி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அது நியாயம் ஆகாது. அந்த மருந்து என்ன, அது என்ன செய்யும், அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருந்தின் பிறப்பு

உரக்கடைகளில் விற்கும் களைக்கொல்லிகளில் பெயர் பெற்றது கிளைபோசேட். உலகத்திலேயே மிக அதிகமாக விற்கும் களைக்கொல்லியும் இதுதான்.

1950-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஒருவர் இந்தப் பொருளை முதன்முதலில் தயாரித்தார். அது எதற்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1970-ல் அமெரிக்காவில் மான்சான்டோ கம்பெனியைச் சேர்ந்த ஜான் பிரான்ஸ் என்ற விஞ்ஞானி, இது களையைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1974-ல் "ரவுண்டப்" என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது?

தெளித்த மருந்தை இலை குடிக்கிறது. இலையிலிருந்து தண்டுக்கும், தண்டிலிருந்து வேருக்கும், கிழங்குக்கும் இறங்குகிறது. செடி உயிர் வாழ மூன்று முக்கியமான அமினோ அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்புக்கு உதவும் ஒரு நொதியை இந்த மருந்து பூட்டிவிடுகிறது. சமையல் நின்று போன வீடு மாதிரி, செடி மெதுவாகப் பட்டினி கிடந்து சாகிறது. அதனால்தான் தெளித்த உடனே புல் கருகுவது இல்லை. மஞ்சளித்து, வாடி, ஒன்றிரண்டு வாரங்களில் மடிகிறது.

அந்த நொதி மனிதன் உடலில் கிடையாது. ஆடு மாடுகளுக்கும் கிடையாது. "ஆகவே மனிதனுக்குப் பயமே இல்லை" என்று விற்பனைக்காரர்கள் சொன்னார்கள். உலகம் நம்பியது.

ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

ஒன்று: மனிதனுக்கு இல்லாத அந்த நொதி, மண்ணில் வாழும் பல நுண்ணுயிர்களுக்கு இருக்கிறது. நமது குடலில் வாழும் பல நுண்ணுயிர்களுக்கும் இருக்கிறது.

இரண்டு: புட்டியில் இருப்பது வெறும் கிளைபோசேட் மட்டும் அல்ல. மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சோப்பு போன்ற ஒரு பொருளையும் சேர்க்கிறார்கள். இந்த மருந்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைச் சோதித்த டாக்டர்கள், கேட்டை உண்டாக்குவதில் அந்தச் சேர்மானத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்று கண்டார்கள்.

புற்றுநோய் வருமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதிலை ஒளிக்காமல் சொல்லுவோம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறது. 2015 மார்ச் மாதம் அந்தக் கழகம், "கிளைபோசேட் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்று அறிவித்தது. "நிச்சயம் உண்டாக்கும்" என்ற பட்டியலில் அல்ல; அதற்கு அடுத்த பட்டியலில் அதைச் சேர்த்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்புக் குழுவும் இதற்கு எதிராகச் சொல்லின. சரியாக உபயோகித்தால் புற்றுநோய் வர வாய்ப்பு இல்லை என்பது அவற்றின் அபிப்பிராயம். 2023-ல் ஐரோப்பிய யூனியன் இந்த மருந்துக்கு மேலும் 10 ஆண்டு அனுமதி கொடுத்தது.

பெரியவர்களுக்குள்ளே ஏன் இந்தச் சண்டை? இருவரும் கேட்ட கேள்வி வேறு. "இதற்குப் புற்றுநோயை உண்டாக்கும் குணம் இருக்கிறதா?" என்று லியோன் கழகம் பார்த்தது. "சாதாரணமாக உடம்பில் சேரும் அளவில் அது நடக்குமா?" என்று மற்றவர்கள் பார்த்தார்கள். புலிக்குப் பல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது கூண்டுக்குள் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

விஷயம் கோர்ட்டுக்கும் போயிற்று. அமெரிக்காவில் பள்ளிக்கூட மைதானங்களில் மருந்து தெளித்துவந்த டிவைன் ஜான்சன் என்பவருக்குப் புற்றுநோய் வந்தது. 2018-ல் கலிபோர்னியா ஜூரர்கள் அவருக்கு 28 கோடியே 90 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார்கள். பிறகு மேல் கோர்ட்டில் அது சுமார் 2 கோடி டாலராகக் குறைந்தது. அதே 2018-ல் மான்சான்டோவை ஜெர்மனியின் பேயர் கம்பெனி விலைக்கு வாங்கியிருந்தது. ஆயிரக் கணக்கில் குவிந்த வழக்குகளைத் தீர்க்க, 1,000 கோடி டாலருக்கு மேல் கொடுப்பதாக 2020-ல் பேயர் அறிவித்தது. தப்பை ஒப்புக்கொள்ளவில்லை, பணத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டது!

2022-ல் அமெரிக்க மேல் கோர்ட்டு ஒன்று, "புற்றுநோய் ஆபத்து இல்லை என்று சுற்றுச்சூழல் இலாகா சொன்ன முடிவுக்குத் தக்க ஆதாரம் இல்லை, மறுபடியும் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பியது. "இந்த மருந்தால் மனிதனுக்கு ஆபத்து இல்லை" என்று 2000-ம் ஆண்டில் வெளியாகி, பல நாட்டு அதிகாரிகளும் ஆதாரம் காட்டிவந்த ஒரு கட்டுரையை, அதை வெளியிட்ட விஞ்ஞானப் பத்திரிகையே 2025-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டுரையை எழுதியதில் கம்பெனியின் ஆட்களுக்குப் பங்கு இருந்தது என்ற புகார் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே, "நிச்சயம் புற்றுநோய் வரும்" என்று பயமுறுத்துவதும் தவறு. "ஒன்றும் இல்லை, தைரியமாக அடி" என்று சொல்லுவதும் தவறு. சந்தேகம் இருக்கிறது; தீரவில்லை. சந்தேகம் இருக்கும்போது புத்திசாலி என்ன செய்வான்? பொருளைக் கொஞ்சம் தள்ளியே வைப்பான்.

இலங்கையில் நடந்தது

நமக்குப் பக்கத்தில் உள்ள இலங்கையின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும்.

அனுராதபுரம், பொலன்னறுவை பக்கத்து நெல் விவசாயிகளுக்கு 1990-களிலிருந்து ஒரு விசித்திரமான சிறுநீரக நோய் வந்தது. சர்க்கரை நோயும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை; ஆனால் சிறுநீரகம் செத்துக்கொண்டே வந்தது. 2014-ல் சில விஞ்ஞானிகள், "கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையும் கிளைபோசேட்டும் சேர்ந்து இதை உண்டாக்கலாம்" என்று ஒரு கருத்தை வெளியிட்டார்கள். 2015-ல் இலங்கை அரசாங்கம் மருந்துக்குத் தடை போட்டது.

பிறகு என்ன ஆயிற்று? மருந்துதான் காரணம் என்பது முடிவாக நிரூபணம் ஆகவில்லை. புல்லோடு போராட முடியாமல் தேயிலைத் தோட்டக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்ந்தது. 2022-ல் முழுவதும் நீங்கியது.

மாற்று வழியைக் கையில் கொடுக்காமல் போடுகிற தடை நிலைக்காது. இலங்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

ஒரே பெயர், இரண்டு விஷம்

இனிச் சொல்லப்போவதை வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஊரில் எல்லாக் களைக்கொல்லிக்கும் ஒரே பெயர், "புல்லு மருந்து". ஆனால் அந்தப் பெயரில் ஒளிந்துகொண்டு பாராகுவாட் என்ற இன்னொரு மருந்தும் விற்கிறது. புல்லை ஓரிரு நாளிலேயே கருக்குவதால் இதைச் சிலர் விரும்பி வாங்குகிறார்கள்.

இது கொடிய விஷம். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. இதற்கு மாற்று மருந்தே கிடையாது. குடித்தவர் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு சிறுநீரகம் கெடும். அதன்பின் நுரையீரல் நாளுக்கு நாள் இறுகும். நினைவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு அடைத்துச் சாவார். ஆத்திரத்தில் ஒரு கணம் புட்டியைத் தூக்கிவிட்டு, மறு கணமே "என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கதறுகிறவர்களைக் காப்பாற்ற முடியாமல் டாக்டர்கள் தவிக்கிறார்கள்.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2007 முதல் இந்த மருந்து விற்பனைக்கு இல்லை. இலங்கை படிப்படியாக நிறுத்தி, 2011-ல் முழுத் தடை போட்டது. அதே 2011-ல் கேரளமும் தடை செய்தது.

"எந்த மருந்து குடித்தார்?" என்று டாக்டர் கேட்டால், "புல்லு மருந்துங்க" என்று வீட்டார் சொல்கிறார்கள். எந்தப் புல் மருந்து? மற்ற விஷங்களுக்கு மூச்சுத் திணறினால் உடனே ஆக்சிஜன் வைப்பது வழக்கம். பாராகுவாட்டுக்கோ ஆக்சிஜனே நுரையீரலின் கேட்டை அதிகமாக்கும். ஆகவே பெயர் தெரிவது உயிர் விஷயம். யாராவது குடித்துவிட்டால் சாணியைக் கரைத்துக் கொடுப்பது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது போன்ற கை வைத்தியம் வேண்டாம். புட்டியை அதன் மேல் ஒட்டிய தாளோடு எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வயலில் நடப்பது என்ன?

புட்டியில் ஒட்டிய தாளில் எல்லாம் அச்சடித்திருக்கிறது. கையுறை போடு, முகமூடி கட்டு, காலணி அணி, காற்றுக்கு எதிராகத் தெளிக்காதே என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டவருக்கும் அதைப் படிப்பது கஷ்டம்!

வயலில் நாம் பார்ப்பது என்ன? வெறுங்கால், மடித்துக் கட்டிய கைலி. தெளித்துக்கொண்டே முன்னால் நடக்கிறார். நனைந்த புல்லிலேயே கால் வைக்கிறார். மூக்கு அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதுகிறார். மருந்தைக் கையாலேயே கலக்குகிறார். கொளுத்தும் வெயிலில் ரப்பர் உடுப்புப் போட முடியாது என்பதும் உண்மைதான். அப்படியானால், நம்முடைய சீதோஷ்ணத்தில் கடைப்பிடிக்கவே முடியாத நிபந்தனையோடு ஒரு விஷத்தை விற்பது என்ன நியாயம்?

காலியான புட்டி எங்கே போகிறது? கம்மாய்க் கரைக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்கு. மண்ணெண்ணெய் ஊற்ற, எண்ணெய் ஊற்ற உதவுகிறது. மிச்ச மருந்தைக் கலர் சோடாப் புட்டியில் ஊற்றி மாடத்தில் வைக்கிறார்கள். குழந்தை எடுத்தால்?

வரப்பில் முளைப்பது எல்லாம் களையா? பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை, கீழாநெல்லி எல்லாம் அங்கேதான் முளைக்கின்றன. நிலம் இல்லாத ஏழைப் பெண்ணுக்கு அந்த வரப்புதான் கீரைத் தோட்டம். அவளுடைய ஆட்டுக்கு அதுதான் மேய்ச்சல் காடு. நேற்று மருந்து அடித்த வரப்பு இன்றும் பச்சையாகத்தான் இருக்கும். வாடுவதற்குச் சில நாள் ஆகும். அடித்தது தெரியாமல் அவள் கீரை பறிக்கிறாள். அவளுக்கு யார் எச்சரிக்கை சொன்னார்கள்?

பக்கத்து வயல்காரர் பாடும் கஷ்டம்தான். காற்றில் பறந்து வரும் துளி, மல்லிகைத் தோட்டம் என்றும் வாழைத் தோட்டம் என்றும் பார்ப்பது இல்லை. 2,4-டி என்னும் களைக்கொல்லியின் காற்றுப் பட்டாலே பருத்திச் செடி இலை சுருங்கிவிடும்.

புல்லும் சும்மா இருப்பது இல்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், பிழைத்த புல் அதன் வித்தை மட்டும் விட்டுச் செல்கிறது. கிளைபோசேட்டுக்கு அசையாத புல்லை 1996-ல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். பிறகு அமெரிக்கப் பருத்திக் காடுகளில் ஒரு வகை முள்ளில்லாக் கீரைச் செடி மருந்துக்கு மசியாமல் ஆள் உயரம் வளர்ந்து நின்றது. "சாகலேன்னா இன்னொரு மூடி" என்ற யோசனையின் கடைசி ஊர் அதுதான்.

சட்டம் இருக்கிறதே!

1958-ல் கேரளத்தில் ஒரு பயங்கரம் நடந்தது. கப்பலில் வந்தபோது பூச்சி மருந்து சிந்திய கோதுமை மாவைத் தின்று 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு கமிட்டி போட்டு, யோசித்து, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. களைக்கொல்லிகளும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவையே.

அந்தச் சட்டப்படி கிளைபோசேட்டுக்குக் கொடுத்த அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடத்துக்கும்தான். மதுரைச் சமவெளியில் தேயிலை ஏது? 2019-ல் திருவல்லா அருகே வயலில் மருந்து தெளித்த இரண்டு தொழிலாளிகள் இறந்த பிறகு, கேரள அரசு கிளைபோசேட் விற்பனைக்குத் தடை போட்டது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, "பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்புப் பணியாளர் மூலமே இதை உபயோகிக்க வேண்டும்" என்று ஆணை பிறப்பித்தது. கம்பெனிகள் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயின.

டில்லியில் ஆணை, கோர்ட்டில் வழக்கு, கிராமத்தில் "ரெண்டு மூடி ஊத்துங்க"! மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை.

செய்ய வேண்டியது

ஒத்தக்கடையிலேயே விவசாயக் கல்லூரி இருக்கிறது. 1965-ல் தொடங்கிய கல்லூரி அது. உரக்கடைக்கும் கல்லூரிக்கும் கூப்பிடு தூரம். அங்கே கற்றுக்கொடுப்பது இங்கே கடை வாசலுக்கு வர வேண்டாமா?

உருளைக் களைக்கருவி இருக்கிறது. வரிசையாக, இடைவெளி விட்டு நட்ட நெல்லில் அதைத் தள்ளிக்கொண்டு போனால் களை சேற்றில் அமுங்கி உரமாகிறது. வேருக்குக் காற்றோட்டமும் கிடைக்கிறது. தோட்டக்காலுக்கு இயந்திரக் களை எடுப்பான் இருக்கிறது. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் களையும் குறையும், மண்ணும் கொழுக்கும். கோடை உழவு கோரைக் கிழங்கை வெயிலில் காயவைக்கும். தென்னைக்கும் வாழைக்கும் அடியில் சருகு மூடாக்குப் போட்டால் புல்லுக்கு வெளிச்சமே கிடைக்காது.

இவை புது விஷயங்கள் அல்ல. ஏழை விவசாயிக்குச் சமயத்தில் கிடைப்பது இல்லை என்பதுதான் குறை. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நாலு களை இயந்திரம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்படி அரசாங்கம் செய்யட்டும். மருந்து விற்பனை தானாகவே பாதியாகும்.

பாராகுவாட்டைத் தமிழ்நாட்டுக் கடைகளிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். இதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடம் இல்லை. மற்றக் களைக்கொல்லிகளை விவசாய அதிகாரி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மேல் தாளில் தமிழ், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். காலிப் புட்டியை விற்ற கடையே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பால் புட்டியைத் திருப்பி வாங்கிய ஊர், விஷப் புட்டியைத் திருப்பி வாங்க முடியாதா?

விவசாயிகளும் சிலவற்றைத் தாங்களே செய்யலாம். கிணற்று ஓரத்திலும் கம்மாய்க் கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் மருந்து அடிக்க வேண்டாம். அடித்த இடத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள்; கீரை பறிப்பவளும் ஆடு மேய்ப்பவரும் விலகிப் போவார்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பிறகு குழந்தையைத் தூக்குங்கள். புட்டியைப் பூட்டி வையுங்கள். ஆத்திரத்தில் நீளும் கைக்கு அந்தப் பூட்டு ஐந்து நிமிட அவகாசம் கொடுக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனையோ உயிர் தப்பும்.

ஒரு குச்சி, ஒரு முழம் சிவப்புத் துணி, ஒரு பூட்டு. செலவு என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. மற்றதை அரசாங்கம் செய்யட்டும். இதை நாளைக் காலையே நாம் செய்யலாம்.

புல்லுக்கு வைத்த மருந்து புல்லோடு போகட்டும்!